இறந்துபோன தோழி சொன்ன இரகசியத்தை நாவலில் எழுதலாமா?

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைக் களமாக வைத்து, 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் ஒரே வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி பத்தாம் தரத்தோடு படிப்பை விட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். போகிறதுக்கு முதல்நாள் மற்றவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறாள். சில மாதத்தில் அவள் செத்துப்போன செய்தி வருகிறது. இவ்வளவு துக்கத்தை இந்த வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா, அந்த இரகசியத்தைக் கடைசி அத்தியாயம் வரைக்கும் வாசகருக்குச் சொல்லாமல் வைத்திருக்கலாமா என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முடிவில், போகிற போக்கில், "இது முழுக்கக் கற்பனை இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்கள் கேள்வி என்று நினைக்கிறேன். செத்துப்போனவள் நம்பிச் சொன்னதைக் கதையாக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வருகிறேன்.

நான் ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் நீண்டகாலம் தமிழ் படிப்பித்தவள். பின்னாளில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பயிற்சி பெற்று அந்தப் பொறுப்பையும் பார்த்தேன். மனநல வைத்தியர் அல்ல. அதனால் கீழே சொல்வதில் எது ஆராய்ச்சியில் வந்தது, எது பிள்ளைகளிடம் நான் பார்த்தது, எது வெறும் என் வாசிப்பு ரசனை என்று அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ரசனை என்று நான் சொல்கிற இடத்தில் நீங்கள் தாராளமாக என்னோடு முரண்படலாம்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். கொடுக்கலாம். நம்முடைய பிள்ளைகளுக்குச் சாவு புதிது இல்லை. லயத்தில் ஒரு வீட்டில் எழவு விழுந்தால் தப்பு மேளச் சத்தம் லயத்து அறைகளான அத்தனை காம்பராவுக்கும் கேட்கும். பாதை நெடுக வெள்ளைக்கொடி கட்டுவதே பிள்ளைகள்தான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் மண்தான் இருந்தது. இப்படிப்பட்ட மண்ணில் வளர்கிற பிள்ளைகளிடம் சாவை மறைத்து எழுதினால், இந்தப் புத்தகம் நமக்கு இல்லை என்று அவர்கள் மூடி வைத்துவிடுவார்கள். கவனிக்க வேண்டியது வேறு. வாசிக்கிற பிள்ளையைத் துக்கத்தோடு தனியாக விட்டுவிட்டு அத்தியாயத்தை முடிக்காதீர்கள். கனமான பக்கங்களில் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். அறிவுரை சொல்ல வேண்டாம், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தால்கூடப் போதும். துக்கக் கதை வாசித்தால் துக்கம் ஆறும் என்று நாங்கள் ஆசிரியர்கள் நம்புகிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் அது நம்பிக்கைதான். மருந்து வேலை செய்வது மாதிரி நிரூபித்துக் காட்டிய விஷயம் என்று சொல்லமாட்டேன்.

துக்கத்தை எழுதுகிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைப் பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பாத்திரத்தை அந்தப் படிகளில் ஏற்றிக் கடைசியில் 'ஏற்பு' வரைக்கும் கொண்டுபோகலாம் என்று எழுதுகிறவர்களுக்கு ஆசை வரும். எலிசபெத் கியூப்ளர்-ரோஸ் 1969இல் அதை எழுதியது சாகப்போகிற நோயாளிகளோடு பேசிய அனுபவத்திலிருந்து. உயிரோடு இருந்து இழந்தவர்கள் எல்லாரும் அந்த வரிசையில்தான் போவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. 1999இல் ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்னது நான் பிள்ளைகளிடம் பார்த்ததோடு நன்றாகப் பொருந்துகிறது. துக்கப்படுகிறவர் இழப்புக்குள்ளே போவதும், அதிலிருந்து வெளியே வந்து அன்றாட வேலையைப் பார்ப்பதும், மறுபடி உள்ளே போவதுமாக இருப்பார் என்றார்கள். இந்த வயதில் அந்தப் போக்குவரத்து ரொம்ப வேகம். காலையில் அழுத பிள்ளை இடைவேளையில் எல்லே விளையாடிச் சத்தம் போட்டுச் சிரிக்கும். பெரியவர்கள் அதைப் பார்த்து, 'மறந்துட்டா', 'நெஞ்சில ஈரமே இல்ல' என்பார்கள். பிள்ளையும் அதையே நம்பித் தன்னைத்தானே வெறுக்க ஆரம்பிக்கும். உங்கள் நாவலில் அவள் சிரிக்கிற இடங்கள் கட்டாயம் வேண்டும். சிரித்து முடித்த பிறகு அவளுக்கு வருகிற குற்ற உணர்ச்சியும் வேண்டும்.

இனி நான் முக்கியமாக நினைக்கிற இடம். நம்முடைய சாவு வீட்டில் உறவுக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கோடி போடுகிறவர், வாய்க்கரிசி போடுகிறவர், கொள்ளிக் குடம் எடுக்கிறவர், பதினாறாம் நாள் கருமாதிக்கு முன்னால் நிற்கிறவர் என்று யார் யார் என்ன செய்வது என்பது எல்லாருக்கும் தெரியும். நான் கேட்ட ஒப்பாரிகளில் மகளுக்கு அடி இருக்கிறது, அக்கா தங்கச்சிக்கு அடி இருக்கிறது. கூட்டாளிக்கு ஒரு அடி பாடி நான் கேட்டதில்லை. கூட்டாளி பாடசாலை உடுப்போடு மற்றப் பிள்ளைகள் கூட வரிசையில் வந்து, மலர்வளையத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு, வரிசையாகவே திரும்பிப் போவாள். மறுநாள் காலைக்கூட்டத்தில் ஒரு நிமிட மௌனம். அடுத்த வாரம் அந்தக் கதிரையில் வேறு பிள்ளை உட்கார்ந்திருக்கும். 'உனக்கு எப்படி இருக்கு' என்று அவளிடம் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் அவள் சொந்தக்காரி இல்லை. கென்னத் டோகா என்ற அறிஞர் 1989இல் இப்படி ஊர் கணக்கில் எடுக்காத துக்கத்தைப் பற்றி எழுதினார். அழ உரிமை இல்லை என்று ஆகிவிட்டால் துக்கம் நீண்டுபோகும், சிக்கலாகும் என்பது அவருடைய கருத்து. அவர் நம்முடைய தோட்டத்தைப் பார்த்து எழுதவில்லை. ஆனாலும் நான் சந்தித்த பிள்ளைகளை நினைத்தால் ஒவ்வொரு வரியும் பொருந்துகிறது.

இந்த நிலையில் உங்கள் கதைநாயகியிடம் என்ன மிஞ்சி இருக்கிறது? செத்தவளுடைய உடுப்பு அம்மாவிடம் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டுக் காம்பராவில் மாட்டிவிட்டார்கள். இவளிடம் இருப்பது அந்த இரகசியம் மட்டும். அவள் வாயைத் திறக்காததற்கு சத்தியம் ஒரு காரணம்தான். அதைச் சொல்லிவிட்டால் தோழியின் கடைசிப் பங்கும் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம். உங்கள் கதையில் நட்பு, துக்கம், இரகசியம் மூன்றும் இந்த இடத்தில் ஒன்றாகச் சேருகின்றன. இதை நீங்கள் பிடித்துவிட்டால் மற்ற அத்தியாயங்கள் தானாக இழுத்துக்கொண்டு போகும்.

இரகசியம் மனசில் எப்படி வேலை செய்கிறது என்பது பற்றி மைக்கல் ஸ்லெப்பியனும் கூட இருந்தவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வுகள் உங்களுக்கு உதவும். மற்றவர்களிடம் பேசும்போது மறைக்க வேண்டி வருகிற நேரங்களைவிட, யாரும் கேட்காதபோது தானாகவே அந்த நினைப்புக்குள் விழுகிற நேரங்கள்தான் அதிகம் என்றும், ஆளை வாட்டுவது அதுதான் என்றும் கண்டார்கள். இதைக் கதைக்குள் கொண்டுவந்தால் நிறைய மாறும். நமக்கு உடனே தோன்றுவது விசாரணைக் காட்சிகள். பொலிஸ்காரர் கேட்கிறார், அம்மா கேட்கிறாள், அதிபர் கூப்பிட்டுக் கேட்கிறார், அவள் தலையைக் குனிந்து நிற்கிறாள். அந்த மாதிரி ஒரு காட்சி இருந்தால் போதும். தண்ணீர் பிடிக்கிற பீலியில் குடம் நிறைகிற வரைக்கும் நிற்கும்போது, கணக்குப் பாடத்தில் அட்சரகணிதம் போடும்போது, இரவில் தம்பியின் காலைத் தள்ளிவிட்டுப் புரண்டு படுக்கும்போது, அப்போதெல்லாம் அது வர வேண்டும். எந்தக் கேள்வியும் இல்லாமல் வர வேண்டும்.

இதிலிருந்தே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் வருகிறது. இது என் ரசனை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரகசியம் என்ன என்பதைக் கதையின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். அவளே 'நான்' என்று கதை சொல்கிறாள் என்கிறீர்கள். நாள் முழுக்க அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறவள், எங்களிடம் கதை சொல்லும்போது மட்டும் அதைத் தாண்டித் தாண்டிப் போனால், அது அவள் செய்வது இல்லை, நீங்கள் செய்வது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். கடைசி வரைக்கும் மறைத்தால் செத்துப்போன பிள்ளை ஒரு விடுகதையாகிவிடுவாள். அவள் எப்படிச் சிரிப்பாள், எதற்குக் கோபப்படுவாள் என்பதெல்லாம் பின்னுக்குப் போய், 'என்னதான் நடந்தது' என்பது மட்டும் முன்னுக்கு நிற்கும். முதலிலேயே சொல்லிவிட்டால் பதற்றம் குறையாது. யாரிடம் சொல்லப்போகிறாள், சொன்னால் அவர் என்ன செய்வார், சொல்லாவிட்டால் அடுத்து யாருக்கு என்ன ஆகும் என்று வாசகர் அவள் கூடவே நடப்பார். கடைசிப் பக்கம் வரைக்கும் மறைத்து வைத்தும் நல்ல நாவல்கள் வந்திருக்கின்றன, அதனால் இதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படர்க்கையில், பெரியவர்கள் கண்வழியாகக் கதையைச் சொன்னால் மறைப்பது நியாயமாகக்கூட இருக்கும். உங்கள் கதை அப்படி இல்லை.

தோட்டத்தில் இரகசியம் எங்கே பேசப்படும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பழைய லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. பல இடங்களில் தடுப்புச் சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டு இருமல்கூட நம்ம வீட்டு இருமல் மாதிரி கேட்கும். நீங்கள் அனுப்பியிருக்கிற சுருக்கத்தில் சத்தியம் வாங்குகிற காட்சி காம்பராவுக்குள்ளே நடக்கிறது. அது நடக்காது. பெண்பிள்ளைகள் இரகசியம் பேசுவது பாடசாலையிலிருந்து வருகிற குறுக்குப் பாதையில், விறகு பொறுக்கப் போகிற இடத்தில், கூட்டமான பஸ்ஸில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவில். மழையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பொகவந்தலாவைப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை. அவள் ஜூலையில் ஊரைவிட்டுப் போகிறாள் என்றால் அந்தக் குறுக்குப் பாதையில் அட்டைப்பூச்சி இருக்கும், இருவரும் ஒரே குடையில் நடக்க வேண்டியிருக்கும். இரகசியம் சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அப்புறம் போன். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது அதை விட்டுவிட முடியாது. பெரும்பாலான லய வீடுகளில் போன் வீட்டுக்கே பொதுவாகத்தான் இருக்கும். அப்பா வேலையிலிருந்து வந்த பிறகு பிள்ளைகள் கைக்கு வரும். கொழும்பிலிருந்து தோழி வாட்ஸ்அப்பில் வொய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள் என்று வையுங்கள். அண்ணன் கேட்டுவிடக்கூடாது என்று இவள் கேட்டவுடனே அழித்துவிடுகிறாள். சத்தியத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறாள். தோழி செத்த பிறகு அந்தக் குரல் எங்கேயும் இல்லை என்று அவளுக்கு உறைக்கிறது. இரகசியத்தைக் காப்பாற்றப் போய்க் குரலை இழந்துவிட்டாள். பிள்ளைகளிடம் 'செத்தவங்ககிட்ட உனக்கு எது வேணும்' என்று கேட்டால், அதிகமாக வருகிற பதில் குரல்தான். இது நான் பார்த்தது, ஆராய்ச்சி அல்ல.

சாவுக்கு முன்னாலேயே நட்பு கொஞ்சம் விட்டுப்போயிருக்க வேண்டும் என்பதும் என் யோசனை. உங்கள் சுருக்கத்தில் இருவரும் கடைசி வரை உயிருக்குயிராக இருக்கிறார்கள். நிஜத்தில் ஒருத்தி வேலைக்குப் போய், மற்றவள் ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால் மூன்று மாதத்தில் பேச்சு குறைந்துவிடும். அவள் வேலை முடிந்து பதினொரு மணிக்கு எடுப்பாள், இவள் தூங்கியிருப்பாள். இவள் டியூசன் கதை சொல்லுவாள், அவளுக்கு அது குத்தும். ஒரு நாள் அவள் அனுப்பியதற்கு இவள் பதில் போடாமல் விட்டிருப்பாள், பெரிய காரணம் ஒன்றும் இருந்திருக்காது. செய்தி வந்த அன்றிலிருந்து அந்தப் பதில் போடாத ஒன்றுதான் இவளைத் தின்னும். 'நான் பதில் போட்டிருந்தா' என்ற அந்தக் கணக்கு, இழந்த பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப வருவது. நட்பு போனது ஒரு இழப்பு, தோழி போனது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாக அழ விடுங்கள்.

அவள் எப்படிச் சாகிறாள் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறீர்கள். இந்த இடத்தில் நான் கண்டிப்பாகவே பேச வேண்டும். தன்னைத்தானே மாய்த்துக்கொண்டாள் என்று எழுதுவதானால், எந்த வழியில், எதைக் கொண்டு என்று எழுதவே வேண்டாம். இது ரசனைப் பிரச்சினை இல்லை. வழிமுறையை விவரித்தால் ஏற்கெனவே உடைந்திருக்கிறவர்கள் அதைப் பின்பற்றுகிற ஆபத்து கூடுகிறது என்பது பல நாடுகளில் பார்த்த உண்மை, உலக சுகாதார அமைப்பு ஊடகங்களுக்குச் சொல்கிற முதன்மையான விதிகளில் ஒன்று. நம் நாட்டுக்கு இதில் கசப்பான வரலாறு இருக்கிறது. 1995 அளவில் ஒரு இலட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் என்ற அளவுக்குத் தற்கொலை இருந்தது. கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளைத் தடைசெய்யத் தடைசெய்ய அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கைக்கு எட்டாமல் இருந்தாலே நிறைய உயிர் தப்பும் என்பதை அந்த அனுபவம் காட்டியது. அதே மாதிரி, சாவுதான் அவளுக்குக் கிடைத்த விடுதலை என்று தொனிக்கிற வரி ஒன்றுகூட வேண்டாம். ஒரே காரணத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடவும் வேண்டாம். விபத்தாகவோ நோயாகவோ வைத்தால் இந்தச் சிக்கல் குறையும், ஆனால் இரகசியத்தின் பாரம் குறையாது என்பதைக் கவனியுங்கள். காய்ச்சலில் செத்திருந்தாலும், 'நான் முதலிலேயே சொல்லியிருந்தா அவள் வீட்டுக்கு வந்திருப்பா' என்று இவள் நினைக்கத்தான் போகிறாள்.

கதை நடக்கிற ஆண்டையும் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். 16 வயது வரைக்கும் படிப்பு கட்டாயம் என்பது 2016இல் வந்தது. வேலைக்குச் சேர்க்கக்கூடிய குறைந்த வயது 14இலிருந்து 16ஆக ஆனது 2021இல். உங்கள் கதை இன்றைக்கு நடக்கிறது என்றால், 15 வயதுப் பிள்ளையை வேலைக்கு வைத்த வீடு சட்டத்தை மீறியிருக்கிறது, கூட்டிப்போன தரகருக்கும் அது தெரியும். 2010இல் நடக்கிறது என்றால் பெரியவர்கள் பேசுகிற பேச்சே வேறு மாதிரி இருக்கும். இரகசியத்தைச் சொன்னால் யார் யார் மாட்டுவார்கள் என்பதும் இதனால் மாறும்.

அவள் கடைசியில் யாரிடம் சொல்வாள்? நீங்கள் வகுப்பாசிரியரை வைத்திருக்கிறீர்கள். ஆசிரியையாக இருந்த எனக்கு அது பெருமைதான். ஆனாலும் வேறு ஒருவரைச் சொல்கிறேன், அவளுடைய பாட்டி. இன்றைக்கு எழுபதை எட்டுகிற பாட்டிமாருக்குக் கூட்டாளியை இழப்பது என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாகவும் மூன்று இலட்சம் பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பதாகவும் பேசி முடித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் ஒரு வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, அடுத்த வீட்டுக்கு வரவில்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலை அழுகைக் கோச்சி என்றே நம்முடைய ஆட்கள் சொன்னார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பதினைந்து பதினாறு வயதில் பீலிக்கரையில் கூட நின்றவள் ஒரு நாள் கோச்சியில் ஏறிப்போய், இரண்டு கடிதத்துக்குப் பிறகு சத்தமே இல்லாமல் போயிருப்பாள். அவள் இருக்கிறாளா செத்தாளா என்பதே இந்தப் பாட்டிக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த இழப்பையும் ஊரில் யாரும் துக்கம் என்று கணக்கில் வைக்கவில்லை. பேத்தி சொல்லத் தொடங்கும்போது பாட்டி அறிவுரை சொல்லமாட்டாள், தன் கூட்டாளியின் பேரைச் சொல்லுவாள். இந்த வரலாற்றைப் பாடப்புத்தகம் மாதிரி ஒரு அத்தியாயமாக எழுதாமல், இரண்டு மூன்று வாக்கியத்தில் பாட்டியின் வாயிலேயே வைத்தால் போதும்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது, காமன் கூத்து. மாசி மாதம் உங்கள் தோட்டத்தில் இன்னும் ஆடுகிறார்கள் என்றால் அதை விடாதீர்கள். சிவனுடைய நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்துபோக, ரதி விடிய விடிய அழுகிறாள். தோட்டமே உட்கார்ந்து பார்க்கிறது, பார்க்கிற பொம்பளைகளும் அழுகிறார்கள், ஏன் அழுகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. தன் துக்கத்துக்கு இடமே கிடைக்காத உங்கள் பிள்ளை, ஊருக்கு நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழக்கூடிய ஒரே இராத்திரி அது. மன்மதன் திரும்ப எழும்போது ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று வரம். செத்தவர்களோடு உள்ள பந்தத்தை அறுத்துவிட்டால்தான் துக்கம் தீரும் என்று ஒரு காலத்தில் மனநல அறிஞர்கள் எழுதினார்கள். 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும் அதை மறுத்து, உயிரோடு இருப்பவர்கள் செத்தவர்களோடு ஏதோ ஒரு உறவை வைத்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள், அது நோய் இல்லை என்று காட்டினார்கள். நம்முடைய கூத்து வாத்தியார்மாருக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பாட்டியிடம் சொல்வதோடு கதை நின்றுவிடலாமா என்பது இரகசியம் என்ன என்பதைப் பொறுத்தது. ஒரு பையனை விரும்பினாள், வீட்டுக்குத் தெரியாமல் காசு சேர்த்தாள், படிக்க ஆசைப்பட்டாள் என்றால் அது அவளுடையது. பாட்டியோடு நிற்கலாம், யாரிடமும் சொல்லாமலே இருந்தாலும் பிழை இல்லை. யாரோ அவளைத் தொட்டார்கள், அடித்தார்கள், மிரட்டினார்கள் என்றால் அது வேறு. செய்தவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், அடுத்த பிள்ளையைத் தேடிக்கொண்டு தரகர் ஏற்கெனவே தோட்டத்துக்கு வந்திருப்பார். எங்களுக்குப் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தந்தது இது: ஒரு பிள்ளை, 'யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்' என்றால் சத்தியம் பண்ணக்கூடாது. 'உன்னைப் பத்திரமா வைக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், உனக்குத் தெரியாம சொல்லமாட்டேன்' என்றுதான் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்காது, அதனால்தான் சத்தியம் பண்ணினாள். அவள் சத்தியம் பண்ணியதைக் குற்றமாக எழுதாதீர்கள். வாசிக்கிற பிள்ளைகளில் யாரோ ஒருத்தி இந்த நிமிடம் அப்படி ஒரு சத்தியத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அதை மீறுவது துரோகம் இல்லை என்று கதை வழியாக அவளுக்குத் தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். செத்தவளின் இரகசியம் யாருடையது என்பதற்கு மனநூலிலும் சட்டத்திலும் நேரான விடை கிடையாது. என் தீர்ப்பைச் சொல்கிறேன். அவள் உங்களிடம் சொன்னது அவளுடையது, நீங்கள் எழுதித் தருகிற அளவுக்கு உங்களுடையது ஆகாது. அதைக் கேட்ட பிறகு நீங்கள் பட்டது முழுக்க உங்களுடையது. துக்கம், பயம், குற்ற உணர்ச்சி, அழித்துவிட்ட வொய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் எழுத உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அவளுடைய பங்கை மட்டும் மாற்றுங்கள். பேரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் ஆளை அடையாளம் காண்பது பேரை வைத்து இல்லை, எந்த டிவிசன், எத்தனையாம் லயம், அப்பா என்ன வேலை, எந்த வருடம் என்பதை வைத்து. அந்த நாலையும் மாற்றுங்கள். இரகசியத்தையே வேறொன்றாக மாற்றினாலும் உங்கள் கதை நிற்கும், ஏனென்றால் கதை நிற்பது அதைச் சுமந்தவள் மேலே. அந்தப் பிள்ளையின் அம்மா இருக்கிறார் என்றால், அச்சுக்குப் போகும் முன்பு நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் நான் அச்சிடமாட்டேன். வேறு எழுத்தாளர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும், அவர்களிடமும் நியாயம் இருக்கும்.

அந்த நிஜ விஷயம் உயிரோடு இருக்கிற யாரோ ஒரு பிள்ளைக்குச் செய்த கொடுமையைப் பற்றியது என்றால், நாவல் பிறகு. 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், தமிழிலும் பேசலாம். வழக்கு எதுவும் நடந்துகொண்டிருந்தால் எழுதியதை வெளியிடும் முன்பு சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள், காசு இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. இதில் நான் ஆலோசனை சொல்லத் தகுதியானவள் அல்ல.

அந்த இரகசியத்தைச் சுமக்கிறவள் நீங்களேதான் என்றால், நாவலில் எழுதும் முன்பு வாயால் ஒரு ஆளிடம் சொல்லுங்கள், மகள். எழுதினால் மனம் இலேசாகும் என்று ஆராய்ச்சிகள் இருக்கின்றன, பலன் சிறியது என்றும் அவைதான் சொல்கின்றன. எழுதுகிறபோது நீங்கள் தனியாக இருப்பீர்கள், அத்தியாயம் முடிந்த பிறகும் தனியாக இருப்பீர்கள். வீட்டில் யாரிடமும் முடியாது என்றால் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம். அந்த இரண்டு இலக்கங்களையும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அச்சிடச் சொல்லுங்கள், பதிப்பாளர் யோசித்தாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அச்சுக்கு முன்பு அந்த வயதுப் பிள்ளைகள் சிலரிடம், அவர்களுக்கு நெருக்கமான ஆசிரியர் ஒருவர் கூட இருக்க, வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தார்கள் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய இடம் பெரும்பாலும் அதற்கு இரண்டு பக்கம் முன்னால் இருக்கும்.